வாய்தா நாள்

அரியலூர் கோர்ட்டுக்கு எதிரே, வக்கீல் வீட்டு வாசலில் அதே பெஞ்ச்தான் கிடந்தது. கால் தரையில் எட்டாத வயதில் பரிமளா அம்மாவோடு இதில்தான் உட்கார்ந்திருப்பாள். ஜீவனாம்சம் தராத அப்பா ஒரு நாளும் வந்ததில்லை. ஆனாலும் வாய்தாவுக்கு வரும் நாளெல்லாம் புதுப் பாவாடை, பஸ்ஸில் ஜன்னலோரம், திரும்பும்போது நன்னாரி சர்பத். வாய்தா என்றால் ஏதோ திருவிழா என்றே வெகுநாள் நினைத்திருந்தாள்.

“உள்ள வாம்மா. என்ன விஷயம்?” என்றார் வக்கீல்.

“அறிவரசன் கேஸுங்க. அபிநயாவோட புள்ளைக்கு மூணு வருஷமா ஒத்தப் பைசா தரலைங்க.”

“அந்த ஆளா! வேலையே இல்லன்னு கோர்ட்டுல சாதிக்கிறான். எங்க வேலை பாக்குறான்னு தெரிஞ்சாத்தானே சம்பளத்துல பிடிக்க முடியும்?”

பரிமளா மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். சிமென்ட் ஆலைச் சம்பளச் சீட்டு. போன மாதத்தது.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாங்க தேடாத எடமில்ல. இது எப்படிம்மா உன் கைக்கு வந்துச்சு?”

“சட்டைய தொவைக்கறப்ப பையில இருந்துச்சுங்க.”

“யாரு சட்டைய?”

“எங்க வூட்டுக்காரரு சட்டையதாங்க. விவாகரத்துக்கு அப்புறம் அவரு கட்டிக்கிட்டது என்னையத்தான்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “சம்பளத்துல பிடிச்சா நட்டம் உனக்குத்தானேம்மா?”

“பிடிக்கட்டுங்க. போன வாய்தா அன்னிக்கு இந்தப் பக்கமா வந்தேன். அந்தப் புள்ள புதுப் பாவாடை கட்டிக்கிட்டு, சிரிச்ச மொகமா வாசல் பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. அதுக்கும் கால் எட்டலைங்க.”