பரிசல் துறைக்கு வந்த விலைப் பலகை

பரிசல் சவாரி நடக்கும் ஆற்றங்கரையில் புதிதாக ஒரு விலைப் பலகை வந்து நின்றது. வந்ததும் வராததுமாக, அங்கே கிடந்த பொருள்களைப் பார்த்து, "பரிசலுக்குப் பூசுற தார் விலை, உங்க பராமரிப்புச் செலவு எல்லாம் எகிறிப்போச்சாம். அதனாலதான் டிக்கெட் இனிமே ஐந்நூறு" என்றது.

கொக்கி உடைந்து கிடந்த லைஃப் ஜாக்கெட் சிரித்தது. "பராமரிப்பா? அது இந்தப் பக்கம் வந்தா எனக்கும் காட்டு தம்பி. நான் பார்த்ததே இல்லை."

"அப்படிச் சொல்லாதே. முதலாளிக்குப் பாதுகாப்புதான் முக்கியம்" என்றது ஓட்டைப் பரிசல்.

ஐந்நூறு கொடுத்தவர்கள் பரிசலில் ஏறி உட்கார்ந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. முதலாளி பதறியடித்து ஓடிவந்து ஜாக்கெட்டை எடுத்தார். பெயிண்ட் காயாத பலகைக்கு அதை மாட்டிவிட்டு, பரிசலை ஆற்றில் தள்ளிவிட்டார்.