பாப்பாவுக்கு என்ன வேணும்?

“உங்க பக்கம் யாரும் இல்லதானே?” என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ‘இல்லை’ என்று எழுதினாள் மனைவி.

பூட்டுக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டாள். காரணம் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த மருத்துவரைத் தேடி வந்திருந்தார்கள்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? தாய்வழிக்கு ஒரு கட்டம், தந்தைவழிக்கு ஒரு கட்டம்.

தாய்வழிக் கட்டம் நிரம்பி வழிந்தது. திக்கிப் பேசிய சித்தி, தாமதமாக நடந்த மாமா மகன், பத்து வயதுவரை விரல் சூப்பிய தான் என்று பாவி மகள் ஒருத்தரையும் விடவில்லை. இடம் போதாமல் ஓரத்தில் வேறு நுணுக்கி எழுதியிருந்தாள்.

எழுதமாட்டாளா பின்னே? இரண்டு வருஷமாக அவளுக்குத்தானே அர்ச்சனை. வயிற்றுப்பிள்ளையோடு வேலைக்கு ஓடினாய், அதனால்தான். பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சமைத்தாய், அதனால்தான். சொன்னது மாமியாரோ நாத்தனாரோ இல்லை, இவனேதான். ஒரே வாரத்தில் மூன்று தடவை சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவரிடம்கூடக் கடிந்து பேசாதவன், அவளை மட்டும் விட்டுவைக்கவில்லை.

மருத்துவர் அந்த நெருக்கமான எழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“இது நீங்க செஞ்சதால வந்தது இல்லம்மா. வேலைக்குப் போனதாலயும் இல்ல, போன் குடுத்ததாலயும் இல்ல. இதான் காரணம்னு ஒண்ணை மட்டும் காட்ட முடியாது. ஆனா பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கு. அதனாலதான் ரெண்டு பக்கமும் கேக்கறோம். பழி போட இல்ல.”

மனைவி அழுதுவிட்டாள். இத்தனை நாள் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவள்போல அழுதாள்.

அவன் அவளைப் பார்க்க முடியாமல், கதவிலிருந்த கண்ணாடி வழியே வெளியே பார்த்தான்.

நடைவழியில் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, கடையில் அவனோடு வேலை பார்க்கிறவர். அவர் கூட வராவிட்டால் அவள் வண்டியில் ஏறவே மாட்டாள் என்பதால் கடையைச் சாத்திவிட்டு அவரையும் கூட்டி வந்திருந்தார்கள்.

இன்னும் பல் வெட்டாத சாவிகளை இருவரும் நீளத்தின் வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வைத்த ஒன்றை அவள் எடுத்துத் தள்ளி வைத்தாள். அவர் தலையாட்டி ஒப்புக்கொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் அவருக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கடைக்கு வருகிறவர்கள் அவரை ‘அண்ணே’ என்பார்கள். அவனும் ‘அண்ணே’ என்பான். அதைக் கேட்டு, கல்யாணமாகி வந்த மனைவியும் ‘அண்ணே’ என்றே பழகிவிட்டாள்.

“சரி, அப்பா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. பாப்பாவை உள்ள கூப்பிடலாம்.”

மேலே எழுதியதெல்லாம் உண்மை என்ற வரிக்குக் கீழே அவன் பேனாவை வைத்தான்.

கதவு திறந்தது. மகள் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மருத்துவருக்கு ஆச்சரியம்.

“அட, உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிட்டாளே! நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?”

அவர் கையிலிருந்த சாவிகளைப் பார்த்தபடி சொன்னார்.

“பெரியப்பா.”

மனைவிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. பாசத்தில் சொல்கிறார் பாருங்கள் என்பதுபோலக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பெண் பார்க்கப் போன வீட்டில், கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டதற்கு அவன் இல்லை என்பதுபோலத் தலையை மட்டும்தான் ஆட்டினான். வாயால் பொய் சொல்லவில்லையே, தினமும் நாலு பேர் காதில் விழ ‘அண்ணே’ என்றுதானே கூப்பிடுகிறோம் என்று ஆறு வருஷமாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தான். அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். அவருக்குப் பொய் வராது.

மனைவியின் சிரிப்பு மெல்ல நின்றது. அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் கையால் எழுதிய ‘இல்லை’யைப் பார்த்தாள். அதை ஒரே கோடாக அடித்துவிட்டு அவன் முன்னால் தள்ளினாள்.

“நீங்களே எழுதுங்க.”

வெட்கத்தில் அவனுக்குக் காது மடல் எரிந்தது. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தைதான். எழுதக் கை வரவில்லை.