பதிலுக்கு வந்தவள்

“பாதி சம்பளத்துக்கு ஒரு பொண்ணு வருது. அதையே வெச்சுக்கிட்டா என்னான்னு பாக்கறேன்.”

எழிலரசி பிரசவ லீவில் போன அன்று, பார்சல் ஆபீஸ் முதலாளி தேவநாதன் வாழ்த்தி அனுப்பிய லட்சணம் இது!

லீவு முடிந்தது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். ‘இருபத்தாறு வாரம் லீவு. திரும்பி வந்தா அதே வேலை. இல்லேன்னா லேபர் ஆபீஸ்.’ இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

“வாம்மா மகராசி!” தேவநாதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “இப்பவே உன் சீட்டுல உக்காரு.”

இவ்வளவு சட்டம் படித்தது வீணாய்ப் போச்சே என்று அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“என்னா சார் ஆச்சு?”

“என்னா ஆவல? திருவந்திபுரத்துல என் மச்சான் கல்யாணம். பட்டு வேட்டிய லால்பேட்டைக்கு அனுப்பிட்டா, உன் பதிலுக்கு வந்த இந்தக் காயத்ரி. மாப்பிள்ளை என் பழைய வேட்டியக் கட்டிக்கிட்டுத் தாலி கட்டினான்! அண்ணாகிராமத்துலேர்ந்து மாமியார் அனுப்பின பலாப்பழம் ஊரெல்லாம் சுத்திட்டு பத்து நாள் கழிச்சு வந்துச்சு. நாத்தம் இன்னும் போவல. அரை சம்பளம்கூட ஜாஸ்தி!”

மூலையில் காயத்ரி தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வாட்டம் வேண்டுமே, கிடையாது. ஊர் பேர் படிக்கத் தெரியாததெல்லாம் வேலைக்கு வந்துவிடுகிறது என்று எழிலரசிக்கு எரிச்சல்.

முதலாளி டீ குடிக்கப் போனதும், என்னென்ன குளறுபடியோ என்று புகார் நோட்டைப் பிரித்தாள். ஆறு மாதமாக ஒரு கஸ்டமர்கூட ஒரு வரி எழுதவில்லை.

“என்னாடி இது? முதலாளி பார்சல் மட்டுந்தான் வழி தவறிப் போச்சா?”

“ஆமாக்கா. கஸ்டமருங்க பாவம்ல?”

“அப்ப வேணும்னேவா செஞ்ச? ஒழுங்கா இருந்திருந்தா இந்த வேலை உனக்கே நிரந்தரமாயிருக்குமே!”

காயத்ரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“போன வருஷம் நான் பிரசவத்துக்குப் போனப்ப, எனக்குப் பதிலா ஒருத்தி வந்தாக்கா. அவ ரொம்ப நல்லா வேலை செஞ்சுட்டா.”