நாற்பத்தேழாம் எண்

டெஸ்பாட்ச் அக்கா மேஜை டிராயரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்துச் சாமான் ஒரே அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது.

அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்; அவருடைய கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் போயிருந்தேன். ஆபீஸ் நெட்வொர்க் என் பொறுப்பு. எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த நெட்வொர்க் எண் என்று கொடுப்பதும் குறித்துவைப்பதும் என் சர்வர்.

அக்காவைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான்.

போன வாரம் ஒரு லோடு தாமதமானதற்காக மேனேஜர் அவரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அக்கா அழுததை ஆபீஸே பார்த்தது. மறுநாள் காலை, தலைமை அலுவலகத்தின் புகார்ப் பக்கத்துக்கு ஒரு மொட்டைப் புகார் போனது. நடந்தது ஒன்றுவிடாமல் அதில் இருந்தது.

பெயர் இல்லை. ஆனால் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பதிவாகியிருந்தது. அங்கே மேனேஜருக்கு வேண்டியவர் ஒருவர் அதைப் போனில் சொல்லிவிட்டார்.

மதியமே மேனேஜர் என் அறைக்கு வந்து நின்றார்.

"நம்பர் கடைசியில நாப்பத்தேழுன்னு முடியுது. யாரோடதுன்னு பாரு."

பார்த்தேன். டெஸ்பாட்ச் அக்காவுடையது. திரையை மேனேஜர் பக்கம் திருப்பினேன்.

எங்களிடம் கம்ப்யூட்டர்கள் தொண்ணூறு, எண்கள் அறுபது. அதனால் எந்த எண்ணும் யாருக்கும் சொந்தமில்லை, சில மணி நேர வாடகைதான். பஸ் சீட் மாதிரி, ஒருவர் எழுந்தால் அடுத்து ஏறியவர் உட்கார்ந்துகொள்வார்.

இப்போது யாரிடம் இருக்கிறது என்பது ஒரு பட்டியல். எத்தனை மணிக்கு யாரிடம் இருந்தது என்பது வேறொரு பதிவு. நான் காட்டியது பட்டியலை. பதிவு என்று ஒன்று உண்டென்பதே மேனேஜருக்குத் தெரியாது.

புகார் போனது ஒன்பது ஐம்பதுக்கு. அன்று அக்கா பல் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பத்தரைக்குத்தான் வந்தார். அதை அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னபோது, "மெஷின் பொய் சொல்லுமா?" என்று மேனேஜர் என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மெஷின் பொய் சொல்லவில்லைதான்.

கேபிளைக் கழற்ற மேஜைக்கு அடியில் குனிந்தேன். தேவைக்கு மேலேயே அங்கே குந்தியிருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நீ என்ன தம்பி பண்ணுவ, மெஷின்ல இருக்கறதத்தான சொன்ன. எழுதினது யாரோ, எனக்காகத்தான எழுதியிருக்காங்க. அவங்களாவது மாட்டாம இருக்கட்டும்."

அந்தப் பதிவை நான் அன்றைக்கே திறந்து பார்த்திருந்தேன். பார்க்காமலும் தெரியும். ஒன்பது ஐம்பதுக்கு நாற்பத்தேழு என் லேப்டாப்பில் இருந்தது. புகாரை அனுப்பிய கையோடு, பயந்துபோய், அந்த எண்ணை விட்டுவிட்டு வேறு வாங்கிக்கொண்டேன். பத்தரைக்கு கம்ப்யூட்டரைப் போட்டவருக்கு சர்வர் அதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது.

வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடலாம் என்று பெட்டியை நானே தூக்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் வைத்தபோது அக்கா எனக்கு நன்றி சொன்னார்.