டெல்பர்ட் விழுந்த இடம்

“இந்தக் கப்பல்லேர்ந்து டெல்பர்ட்னு ஒரு பையன் கடல்ல விழுந்தானே, அது எந்த இடம்னு காட்டுவீங்களா ஐயா?”

இப்போது காட்சிக்கூடமாகிக் கரையோரம் நிற்கும் அந்தப் போர்க்கப்பலில், ஒரு காலத்தில் விமானங்கள் இறங்கிய மேல்தளத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு ஆர்லீனைப் பார்த்தார். அவருக்கும் அவள் வயதுதான் இருக்கும், எழுபதைத் தாண்டியவர்.

“அது வியட்நாம் சண்டை நேரத்துக் கதையாச்சே. உங்களுக்கு யார் சொன்னது?”

“என் வீட்டுக்காரர். இதே கப்பல்ல வேலை பார்த்தவர்.”

பெரியவர் முன்னால் நடந்தார். சண்டைக்கென்றே கட்டிய கப்பலில் இன்று பிள்ளைகள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு ஓடின. அவற்றை விலக்கிக்கொண்டு ஆர்லீன் பின்னால் போனாள். தளத்தின் கோடியில், இடுப்பு உயரக் கம்பியருகே அவர் நின்றார்.

“இங்கதான். ஜெட் கிளம்புறப்போ பின்னால அடிக்கிற காத்து ஆளையே தூக்கிடும். அப்பல்லாம் இந்தக் கம்பி கிடையாது. இது டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்களுக்காகப் போட்டது.”

ஆர்லீன் எட்டிப் பார்த்தாள். நெப்ராஸ்காவின் சோளக்காட்டிலேயே கிடந்தவள், கடலைப் பார்ப்பதே இன்றுதான். கணவன் உயிரோடு இருந்தவரை கடல் இருக்கிற திசைக்கே அவளை வர விட்டதில்லை. அவனுக்காக இந்த இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்கத்தான் கலிபோர்னியா வரை தனியாகப் பேருந்தில் வந்திருந்தாள்.

“விழுந்ததை யாருமே பார்க்கலையா?”

“என்னமோ விழுந்ததை ஒருத்தன் பார்த்தான். விசில் ஊதினாங்க. உடனே எல்லாரும் அவங்கவங்க இடத்துல வரிசையா நிக்கணும், பேர் கூப்பிடுவாங்க. ஒரு ஆள் குறைஞ்சாலும் கப்பலைத் திருப்பியாகணும். அன்னிக்கு ராத்திரி ஒருத்தரும் குறையல. ஏதோ மூட்டை விழுந்திருக்கும்னு போய்க்கிட்டே இருந்துட்டாங்க.”

“எப்படிக் குறையும்? டெல்பர்ட் பேரைக் கூப்பிட்டப்போ ‘இருக்கான் சார்’னு குரல் கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான்.” ஆர்லீன் குரலைத் தாழ்த்தினாள். “எங்கயாவது தூங்கிட்டிருப்பான், மாட்டிக்கக் கூடாதுன்னு நினைச்சாராம்.”

“அதுல என்னம்மா தப்பு? எல்லாப் பயலும் பண்ணதுதான். இன்னிக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீ. டெல்பர்ட்டும் எத்தனையோ தடவை அவனுக்குக் குரல் கொடுத்திருப்பான்.”

“விடிஞ்சதும், அப்பா செத்துட்டாருன்னு அவரை விமானத்துல ஊருக்கு அனுப்பிட்டாங்க. கிளம்புறப்போதான் டெல்பர்ட் படுக்கை காலியா கிடந்ததைப் பார்த்திருக்காரு. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது, ராத்திரியே போயிருப்பான்னு வாயைப் பொத்திக்கிட்டு வந்துட்டாரு. அதோட இவருக்குக் கப்பல் வேலையும் முடிஞ்சுது. பழைய ஆளுங்க வருஷா வருஷம் போன் பண்ணுவாங்க, கூடிப் பேசலாம் வாங்கன்னு. கப்பல் பேரைக் கேட்டதுமே வெச்சிடுவாரு.”

பெரியவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருவருப்பில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஆர்லீன் நினைத்தாள். அவர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மிச்சத்தையும் கொட்டிவிட்டே போகலாம் என்று தோன்றியது.

“பிள்ளையே வேண்டாம்னுட்டாருய்யா. இன்னொருத்தி பெத்த பிள்ளையைக் கடல்ல விட்டுட்டு வந்தவனுக்கு எதுக்குப் பிள்ளைன்னுட்டாரு. நான் அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், மனுஷன் அசையல. ராத்திரியில திடீர்னு எழுந்து நின்னு, ‘டெல்பர்ட் இருக்கான் சார், இருக்கான் சார்’னு கத்துவாரு. என் வாழ்க்கையும் அதோடயே போச்சு.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். யார் பார்த்தால் என்ன, சிரித்தால்தான் என்ன.

“டெல்பர்ட், அவரை மன்னிச்சிடுப்பா,” என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். தண்ணீர் பாட்டுக்குக் கப்பலில் மோதிக்கொண்டிருந்தது. மனப்பாரம் இறங்கும் என்று நம்பி வந்தாள், ஒன்றும் இறங்கவில்லை.

“வெர்னன் மேல வரலையாம்மா?” என்று பெரியவர் மெல்லக் கேட்டார். “கார்லயே உட்கார்ந்துட்டானா?”

ஆர்லீன் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இவ்வளவு நேரத்தில் கணவன் பேரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“அவர் போன மார்ச்லயே போயிட்டாரு. நீங்க... உங்களுக்கு எப்படி...”

பெரியவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார்.

“பின்னால வந்த சின்னக் கப்பல்காரன் அன்னிக்கு ராத்திரியே என்னைத் தண்ணியிலேர்ந்து தூக்கிட்டாம்மா,” என்றார். “போன்ல சொல்ல விடவேயில்ல, என்னைக்காவது ஒரு நாள் வெர்னன் வருவான்னுதான் நான் இத்தனை வருஷமா இங்க நின்னுட்டிருக்கேன்.”