பொங்காத மாவு

கம்பத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தில் பூஞ்சை அண்டாத புதுத் திராட்சை வந்ததிலிருந்து மருந்தடிக்கும் வேலையே இல்லை. பழம் பறிக்கும் பவுன்தாய்க்கு நிம்மதிதான். ஆனால் ஒயின் ஆலையில் அதன் சாறு ஒரு மாதமாகியும் நொதிக்கவில்லை. ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதானே, போட்டதெல்லாம் செத்துப்போனது.

அந்த வாரம் அவள் கரைத்த இட்லி மாவும் பொங்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி கரைத்தாள். மூன்று நாளாகியும் மாவு அப்படியே கிடந்தது.

"எங்கிட்டக் கொடுங்கக்கா, என் கை பட்டாப் பொங்கிரும்" என்று பக்கத்து வீட்டு ஜெயமேரி அதில் கைவிட்டுக் கலக்கினாள். பொங்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஜெயமேரி வாசலில் வந்து நின்றாள். "எங்க வீட்டு மாவும் எந்திரிக்கலக்கா. நான் தோட்டத்துப் பக்கமே போனதில்லையே."

பவுன்தாய் அவள் கைகளையே பார்த்தாள். ஜெயமேரி அந்தக் கையால்தான் அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்திருந்தாள்.