எட்டில் ஐந்து

"அடுத்த ஸ்லைடு," என்றான் அன்புராஜ், மைக்கில்.

பூமிகாவின் விரல் மவுஸின் மேல் இருந்தது. அசையவில்லை.

கும்மிடிப்பூண்டி கல்யாண மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நூற்றிருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து, கேட்டுக்கு வெளியே நாஷ்டாவை விழுங்கிவிட்டு நேராக வந்தவர்கள். தூங்கி வழிய வேண்டியவர்கள், கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பச்சைக் கோடு மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று.

நிஃப்டி, தங்கம், பருத்தி, டாலர், கச்சா எண்ணெய். ஐந்து சந்தை, ஐந்து டிரேடிங் சிஸ்டம், எல்லாம் ஒரே போர்ட்ஃபோலியோவில். பன்னிரண்டு வருஷத்துப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட். ஒன்று சறுக்கினால் இன்னொன்று தாங்கும் என்று அன்புராஜ் சொன்னபோது அவன் வாயில் தேன் ஒழுகியது.

ஓட்டியவள் பூமிகா. மூன்று வாரம் உட்கார்ந்து ஓட்டினாள். அவள் ஓட்டியது ஐந்து அல்ல, எட்டு.

காப்பர், இயற்கை எரிவாயு, பேங்க் நிஃப்டி மூன்றும் படுத்துவிட்டன. எட்டையும் சேர்த்துப் பார்த்தால், போட்ட நூறு ரூபாய் ஒரு கட்டத்தில் ஐம்பத்தெட்டானது. மீண்டு வர மூன்று வருஷம் பிடித்தது.

அந்த மூன்றையும் தூக்கிவிட்டு, முதலிலிருந்தே ஐந்துதான் என்பதுபோல் படம் போடச் சொன்னான் அன்புராஜ். எது தேறும் என்பது கடைசியில்தானே தெரிந்தது, முதல் நாள் பணம் போடுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். படம்தானே, போடு என்றான். தோற்றதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் உலகத்தில் யார்தான் ஜெயிக்கவில்லை!

முதல் வரிசையில் ஆரம்பாக்கத்து அரசப்பன். அவருடைய ரெண்டு ஏக்கர் நெல் நிலம் போன மாதம் ஒரு கம்பெனிக்குக் கைமாறியிருந்தது. பணம் பேங்கில், செக் புக் சட்டைப்பையில். இன்று முதலில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் பணம் போடுவார்கள்.

பூமிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் சாயங்காலம் எந்த வாசலில் போய் நிற்பது என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தாள். போனால் போகட்டும் என்று விட்டாள்.

"சார்," என்றாள், வெளியிடத்தில் அவனைக் கூப்பிடுகிறபடியே, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "ஓட்னது எட்டு. அஞ்சு தான் காட்டிக்கினு கீறீங்க. மீதி மூணு இன்னா ஆச்சின்னு இவங்களுக்கு யார் சொல்றது?"

அவன் சபையைப் பார்த்துச் சிரித்தான். மைக்கைப் பொத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, வாயை மூடிக்கொண்டு அடுத்ததைப் போடு என்றான்.

போட்டாள். அவன் கேட்டதை அல்ல, எட்டையும்.

கோடு கொஞ்சம் ஏறி, பாதியில் தலைகுப்புற விழுந்தது. பின்வரிசையில் யாரோ ஐயையோ என்றார்கள். அன்புராஜ் பாய்ந்து வந்து திரையை மறைத்து நின்றான். அந்தப் பள்ளம் அவன் வெள்ளைச் சட்டையின் மேல் விழுந்தது.

அரசப்பன் மெல்ல எழுந்தார்.

"நவுருங்க மாப்ள. எம் பொண்ணு போட்ட கணக்கப் பாக்கணும்."